மூன்றாம் அங்கத்தில் கணவனுக்குப் பாட்டில்லை

ஈஸ்ட் ஹாம்
11.03.2024

ரூபிக்கு,

போனை எடுக்கிறீர் இல்லை. அதனால் கடிதம். செவன் கிங்ஸில் உம்முடைய அக்கா வீட்டுக் கதவின் தபால் துவாரத்துக்குள் நானே போட்டுவிட்டுப் போகிறேன். சாப்பிடுகிறீரா?

நான் செய்த பிழை என்ன? நாங்கள் தமிழில் போடுகிற அந்தப் பழைய சீன நாடகத்தில், மூன்றாம் அங்கம் முழுக்க மனைவியாக வரும் நீர் ஒன்பது பாட்டுப் பாடுகிறீர். கணவனாக வரும் தேவராசா அண்ணை பன்னிரண்டு நிமிடம் மரம் மாதிரி நிற்கிறார். எங்கள் கூத்தில் வருகிற எல்லாரும் பாடுவார்கள்தானே? நான்கு பாட்டை அவருக்குக் கொடுத்தேன். ஒலியமைப்பு என் வேலை; ஒரே குரல் அவ்வளவு நேரம் கேட்டால் சனம் போனைத்தான் பார்க்கும். இதற்குப் போய்ப் பெட்டியோடு கிளம்புவதா?

23ஆம் தேதி நாடகம். வருவீரா? ஒரு சொல் எழுதும்.

யதுசன்


செவன் கிங்ஸ்
14.03.2024

அன்புள்ள யது,

சாப்பிடுகிறேன். ஒரு சொல்லில் எழுத ஏலாது.

அந்த நாடக முறையில் ஒருவர்தான் பாடுவார், மற்றவர்கள் பேசலாம். ஒன்பது பாட்டும் ஒரே பண், எல்லா அடியும் ஒரே ஓசையில் முடியும். ஆறு பாட்டு வரைக்கும் அவள் புருசனை ஏசுகிறாள். பிள்ளை செத்ததை ஏழாவதில்தான் வாய் திறந்து சொல்கிறாள். ஆறையும் பாடாமல் அவளால் அங்கே போய்ச் சேர முடியாது. நடுவில் அவன் பாடினால் அறுந்துபோகும்.

மாசியில் எங்கள் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அன்று நான் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். "சரி, வேற டொக்டரைப் பாப்பம்" என்று லப்டொப்பைத் திறந்தீர்கள். நான் இன்னும் அதைச் சொல்லி முடிக்கவில்லை.

ரூபினி


ஈஸ்ட் ஹாம்
18.03.2024

ரூபி,

கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். முதல் மூன்று தரமும் பதில் யோசித்துக்கொண்டுதான் வாசித்தேன்.

அந்த நான்கு பாட்டையும் உமக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. நேற்று ஒத்திகைக்குத் தேவராசா அண்ணை பிந்திவிட்டார். அவர் இடத்தில் நான் நின்றேன். உமக்குப் பதில் சுவர்ணா பாடினாள். மூன்றாம் பாட்டிலேயே என்னை அறியாமல் "சரி, சரி" என்றேன். "தம்பி, உமக்கு அங்க வசனமே இல்லை!" என்று வசனப் பிரதியோடு இருந்த அருள்மலர் அக்கா கத்த, எல்லாரும் சிரித்தார்கள். ஏழாம் பாட்டில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பயமாக இருந்தது. மாசியிலும் பயம்தான். லப்டொப்பைத் திறந்தால் ஏதோ செய்கிற மாதிரி இருந்தது.

வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத வேண்டும். எழுத மனமில்லை.

யது


செவன் கிங்ஸ்
20.03.2024

யது,

நாடகத்துக்கு வருவேன். வீட்டுக்கு வருவதைப் பற்றி இன்னும் தெரியாது.

நாடகத்துக்கு மறுநாள், ஞாயிறு மத்தியானம் இங்கே வாருங்கள். அக்கா ஷிப்டுக்குப் போய்விடுவா. முதல் அரை மணித்தியாலம் உங்களை ஏசத்தான் போகிறேன். எழும்பிப் போகாதீர்கள்.

ரூபி