வெள்ளைக்காரன் மேட்டில் கிடந்த பாம்படம்

என் அண்ணனைக் கட்டி எனக்கு மதினியாக வந்த, என் வயதொத்த பேச்சிக்கு,

உன்னோடு பேசி நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. நீ செத்தபோதும் நான் வரவில்லை. கொட்டுச் சத்தம் என் வாசலைத் தாண்டிப் போகும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். அந்த வைராக்கியக்காரிதான் எழுதுகிறேன். உன் மேல் நான் ஏற்றிய கள்ளிப் பட்டத்தை நான்தானே இறக்க வேண்டும்?

என் பருத்திக் காட்டை ஒட்டிய வெள்ளைக்காரன் மேட்டைத் தொல்லியல்காரர்கள் தோண்டுகிறார்கள். கும்பினிக்காரன் முதன்முதலில் வந்து பருத்தி அடுக்கிவைக்கக் கிட்டங்கி கட்டிக் குடியிருந்த இடமாம். செங்கல் சுவரும் பீங்கான் துண்டும் புகைபிடிக்கிற மண் சுங்கானும் வருகின்றன. குழி என் காட்டுக்குள்ளும் நீண்டதால் தினமும் போய் உடைமர நிழலில் உட்கார்ந்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு பொம்பளையின் எலும்புக்கூடு தெரிந்தது. தலை ஒருக்களித்துக் கிடந்தது, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல. மண்ணைத் தூரிகையால் தள்ளத் தள்ள, காதோரம் மஞ்சளாக மின்னியது. ஒற்றைப் பாம்படம்.

"வெள்ளக்காரனுக்கு வாக்கப்பட்ட நம்ம பக்கத்துப் பொண்ணா இருக்கும்" என்று தோண்டலுக்குப் பொறுப்பான மேடம் சந்தோசப்பட்டது.

நான் குனிந்து பார்த்தேன். விளிம்பில் பல் தடம். அம்மா மடியில் கிடந்து, அவள் காதில் தொங்கியதை அண்ணன் கடித்த தடம், மதினி!

"அது என்னுது தாயி."

மண் சுமக்கிற மாரி சிரித்தாள். "ஏன் பெரியம்ம, ஒனக்கும் வெள்ளக்காரிக்கும் ஒரே ஆசாரியா?"

"வாய மூடுட்டி. இந்தா வாரேன்."

வீட்டுப் பெட்டியில் கிடந்த இன்னொன்றைக் கொண்டுபோய்க் காட்டியதும் சிரிப்பு நின்றது. மேடம் இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தது.

"கோடை வெடிப்புல விழுந்திருக்கும் பாட்டி. மழை பெஞ்சு மண்ணு மூடினா அடையாளமே தெரியாது. இந்த மண்ணு மேல உள்ளத உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும்."

எனக்குத் தெரியாததா? களைவெட்டியும் அரிவாளும் எத்தனை விட்டிருக்கிறோம்! கரிசல்காரி எனக்கு அன்றைக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை?

அந்த வருசம் பங்குனி வெயிலில் இதே காட்டில் பருத்தி எடுக்கையில், காது கனக்கிறது என்று இரண்டையும் கழற்றி முந்தியில் முடிந்தேன். கஞ்சி குடிக்கையில் பக்கத்தில் நீ மட்டும்தான். சாயங்காலம் ஒன்றுதான் இருந்தது. அம்மாவின் நகை மருமகளுக்கு வராமல் மகளுக்குப் போன பொருமல் உனக்கு என்று நானே முடிவு கட்டினேன். நீ காளி கோயில் முன்னால் உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தாய். கை கொப்பளித்தது. "சூடத்துக்கும் பயப்படாத கள்ளி" என்று சொல்லி உன் வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன்.

அந்த நேரமே அது மண்ணுக்குள் கிடந்தவள் காதோரம் போயிருந்ததா, மதினி? இல்லை, வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாக அவளைத் தேடிப் போனதா? அத்தனை பெரிய காட்டில் ஒரு காது இருக்கும் இடத்துக்கு அதற்கு வழி சொன்னது யார்?

அண்ணன் மேல் உள்ள கோபம் மட்டும் போகவில்லை. கட்டினவன் உனக்காக அன்றைக்கு ஒரு வார்த்தை பேசினானா?

நேற்று உச்சியில் ஆளில்லாத நேரம், வெடிப்பில் காதை வைத்துப் பார்த்தேன். வெயில் அப்படிக் கொளுத்துகிறது, உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கஞ்சி குடித்து முடித்தவள் மூச்சு விட்டதுபோல. நீயா, அவளா?

"ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும் தாயி. வெடிப்புல தானா விழுந்ததுன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடு" என்று மேடத்திடம் கேட்டு வாங்கிவிட்டேன்.

அன்றைக்கு உன் இடுப்பில் இருந்த மகளை, வாக்கப்பட்டுப் போன விளாத்திகுளத்தில் இன்னமும் கள்ளி மகள் என்றுதான் குத்திப் பேசுகிறார்களாம். நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். அவள் மாமியாரும் தெருவும் கேட்க, "பேச்சி எடுக்கல, நாந்தான் பொய்க்காரி" என்று வாசலில் நின்று சொல்வேன். உன் மகள் கதவைச் சாத்தினாலும், திறக்கும்வரை வெயிலில் நிற்பேன். இது சத்தியம்.

உன் புருசன் கூடப் பிறந்தவள்,
சண்முகத்தாய்