நான்கு இரவுகளுக்கான பாயிண்ட்

3 ஜூன் 2025, செவ்வாய். குளுவாங்

அறை மேசையில் வழக்கம்போல் ஓர் அட்டை: 'மீண்டும் வருக, மிஸ் மோகனா'. கையால் எழுதியதுபோல் அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் ஆரஞ்சுப் பழம். அடிக்கடி வந்து 'கோல்ட்' தகுதி பெற்ற தங்க உறுப்பினர்களுக்கு மட்டும்தான் ஆரஞ்சு. மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில். என் பெயரைச் சொல்லி வரவேற்க இந்த நாட்டில் இருப்பது ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் மட்டும்தான் என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஆரஞ்சைச் சாப்பிட்டேன். புளிப்பு.

இன்று செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் தணிக்கை. தொழிலாளர் வீடுகளில் தண்ணீர் வருகிறதா, விஷ மருந்து அறைக்குப் பூட்டு இருக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மேனேஜர் பேச்சுவாக்கில் ஃபேமிலி எங்கே என்று கேட்டார். புஞ்சாக் ஆலாம் என்று சொன்னேன். அங்கே என் வீட்டில் இருப்பது துணி துவைக்கும் மெஷின்தான். நாற்பத்தாறு வயதில் அதையெல்லாம் யாரிடம் விளக்கிக்கொண்டிருப்பது?

7 ஜூன், சனி. குளுவாங்

வீட்டுக்குப் போகவில்லை. திங்கள்கிழமை சிகாமட்டில் வேலை. இப்படி நடுவில் சனி ஞாயிறு வந்தால் நான் ஹோட்டலிலேயே இருந்துவிடுவது வழக்கம். போய் மட்டும் என்ன செய்யப்போகிறேன்?

கம்பெனி கட்டும் ஒவ்வோர் இரவுக்கும் பாயிண்ட் என் பெயரில் விழுகிறது. அதைச் சேர்த்தால் காசில்லாமல் அறை கிடைக்கும். இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட நான் எடுத்ததில்லை. அக்கா வீட்டுக்காரர் செல்லையா அத்தான் இறந்த வருடம் மனசுக்குள் ஒரு திட்டம் போட்டேன். லங்காவியில் இவர்களுக்கு ஒரு ஹோட்டல் இருக்கிறது. கடல் பக்கம் பார்த்த அறை, நாலு ராத்திரி, நானும் தனேஸ்வரி அக்காவும். அக்கா வாழ்க்கையில் ஹோட்டலில் படுத்ததே இல்லை. கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லி, நடக்காமல் போனால்?

9 ஜூன், திங்கள்

ஹோட்டல்காரர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. 'உங்கள் அனுபவத்தை மேலும் சிறப்பாக்க' என்று ஆரம்பிக்கிறது. அப்படி ஆரம்பித்தாலே எதையோ பிடுங்கப்போகிறார்கள் என்று அர்த்தம். இவ்வளவு பாயிண்டுக்கு இந்த அறை என்று இருந்த கணக்கை ஜூலையிலிருந்து எடுத்துவிடுகிறார்களாம்.

காரில் வரும்போது பவனேஷிடம் காட்டினேன். என்னோடு வேலைக்கு வரும் இளைஞன். இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். "இனிமே ரூம் வெல ஏறுனா பாயிண்டும் ஏறும் லா, சிஸ். சேத்தது போதும், இந்த மாசமே புக் பண்ணிடுங்க" என்றான். ஜூனுக்குள் பதிவு செய்தால் தங்குவது எப்போதாக இருந்தாலும் பழைய கணக்குதானாம்.

ஒருவர் சேர்த்து வைத்ததை ஒரே கடிதத்தில் கரைக்க முடிகிறது. நான் தணிக்கை செய்யும் இடத்தில் இப்படி நடந்தால் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

15 ஜூன், ஞாயிறு

அக்காவைப் பார்க்கப் பத்தாங் பெர்ஜுந்தாய் போனேன். போர்டில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். அவள் மகன் திலீப் சிங்கப்பூரில் வேலை. நான் கடைசியாக வந்தது சீனப் பெருநாளுக்கு. அதை அவளும் சொல்லிக்காட்டவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். விமானச் செலவு யாருடையது, ரூமில் இரண்டு கட்டிலா, சோறு கிடைக்குமா என்று கேட்டாள். ஆகஸ்டில் போகலாமா என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தண்ணீர் குடிக்க உள்ளே போனால், ரசத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

திரும்பும் வழியெல்லாம் காரில் பாட்டு போடாமல் ஓட்டினேன். சந்தோஷமாக இருந்தது. எழுதினால் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

29 ஜூன், ஞாயிறு. கோத்தா கினாபாலு

விமான நிலைய வரிசையில் நின்றபடியே போனில் பதிவு செய்தேன். ஆகஸ்டு முதல் வாரத்தில் அறை இல்லை. ஏழாம் தேதியிலிருந்து நாலு ராத்திரி இருந்தது. வரிசை நகர்ந்தது, அழுத்திவிட்டேன்.

2 ஜூலை

அதே அறைக்கு இப்போது எவ்வளவு கேட்கிறார்கள் என்று சும்மா பார்த்தேன். ஐந்து மடங்குக்கு மேல். என் சாமர்த்தியத்தை நினைத்து ஒரு நாசி லெமாக் கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

அக்கா சக்கரம் வைத்த பை வாங்கியிருக்கிறாள். கோலசிலாங்கூரில் பேரம் பேசி வாங்கினதாம். நீலம். கூடத்தில் உருட்டிக் காட்டினாள். உப்புத் தண்ணீர் முட்டி வலிக்கு நல்லதா என்று கேட்டாள். பிறகு தேதி கேட்டாள்.

சொன்னேன். பையை நிறுத்திவிட்டாள்.

பத்தாம் தேதி தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அக்கா வருடம் தவறாமல் பால்குடம் எடுக்கிறவள். ஒன்றாம் தேதி காப்பு. பால்குடம் எடுக்கிறவர்கள் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், இருட்டினால் வந்துவிட வேண்டும். தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் ஒரு குடும்பம்கூட இல்லை, எல்லாரும் டவுனுக்கு வந்தாயிற்று. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே இருக்கிறது. வழக்கமும் இருக்கிறது. அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் நான். ஆடி மாதத்தில் தேதி குறிக்கிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை எனக்கு. அவள் ஆகஸ்டு என்றால் ஆடி முடிந்த பிறகு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஆட்களில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

தேதியை மாற்றினால் புதுக் கணக்கு. அதைச் சொன்னேன். அப்புறம் சும்மா இருந்திருக்கலாம். இல்லை — "ஒரு வருஷம் காப்பு கட்டலன்னா அம்மன் கோவிச்சுக்கிட்டுப் போயிடுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கத்தவில்லை. "அவரு போனதுக்கப்புறம் என்னைய வான்னு கூப்புட்டது அந்தக் கோயிலு ஒண்ணுதான். நீ இப்பதான கூப்புடுற" என்றாள்.

காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சோறு போட்டு வைத்திருந்தாள், அதைக்கூடச் சாப்பிடவில்லை.

23 ஜூலை

அக்கா அழைக்கவில்லை. நானும்தான்.

31 ஜூலை, வியாழன். தைப்பிங்

ரத்து செய்ய இன்றுதான் கடைசி நாள். தனியாகப் போகலாமா என்று யோசித்தேன். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், பவனேஷும் சொன்னான். ஆனால் ஹோட்டலில் தனியாக இருக்க எனக்கு லங்காவி வரைக்கும் போகத் தேவையில்லை. ஒரு கட்டிலில் நான், இன்னொரு கட்டிலில் என் கைப்பை. வேண்டாம்.

ரத்து செய்துவிட்டேன். பாயிண்ட் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்தது. அதன் மதிப்புதான் திரும்பி வரவில்லை. இப்போது அதை வைத்துக்கொண்டு ஈப்போவில், நான் வேலைக்குப் போனால் தங்கும் ஹோட்டலில், ஒரே ஓர் இரவு எடுக்கலாம். கார் நிறுத்துமிடம் பார்த்த அறை.

'கேன்சல் பண்ணிட்டேன்' என்று அக்காவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. என் மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது. அவள் மேலும் கோபம் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

8 ஆகஸ்டு, வெள்ளி. வீடு

லீவு எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கவில்லை. வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள். குளிர்ப்பெட்டியைத் துடைத்தேன். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் எப்போது மாறினார்கள் என்றே தெரியவில்லை; லிஃப்டில் ஒரு புதுப் பெண் என்னைப் பார்த்து, இப்போதுதான் குடிவந்தீர்களா என்று மலாயில் கேட்டாள். நான் வந்து பதினோரு வருடம்.

10 ஆகஸ்டு, ஞாயிறு

திருவிழா. காலையில் சேலை கட்டினேன். பாதி வழியில் இருக்கும் ஈஜோக் வரைக்கும் போய், பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடையில் நிறுத்தி, திரும்பி வந்துவிட்டேன். கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? அவளும் இதையேதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தோன்றியது. அழுதேன். வேறென்ன.

13 ஆகஸ்டு, புதன். சிகாமட்

அக்கா போன். நலம் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பில் திட்டு. பால்குடம் எடுத்துக்கொண்டு வரும்போது கூட்டத்தில் என்னைத் தேடினாளாம், ஒரு இடத்தில் தடுக்கியேவிட்டாளாம், பக்கத்தில் வந்த இருசப்பன் மாமாதான் பிடித்தாராம். எனக்கென்று எடுத்து வைத்த கூழ் புளித்து, வாளியோடு கொட்டினாளாம். திட்டு வாங்கி எத்தனை நாளாகிவிட்டது!

கடைசியில் குரலை இறக்கிக் கேட்டாள். "அந்தப் பாயிண்ட வெச்சு ஒரு ராத்திரியாச்சும் கெடைக்குமா? எங்கனாச்சும்?"

கடல் இல்லை என்றேன். கடல் பார்க்கவேண்டும் என்றால் ஜெராமுக்குப் போனால் ஆயிற்று, அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்றாள்.

6 செப்டம்பர், சனி. ஈப்போ

அக்கா குளித்துக்கொண்டிருக்கிறாள். சுடுதண்ணீர்க் குழாயை எப்படித் திருப்புவது என்று மூன்று தரம் காட்டிக்கொடுத்தாயிற்று.

நீலப் பையில் அவள் கொண்டுவந்தவை: தலையணை, படுக்கை விரிப்பு, நெத்திலிச் சம்பால், ஒரு டசன் இட்லி, தைலம். ஹோட்டல்காரன் பட்டினி போட்டுவிடுவான் என்று நினைத்தாளோ என்னமோ.

வரவேற்பில் இருந்த பெண், 'வெல்கம் பேக், மிஸ் மோகனா' என்றாள். அக்காவுக்கு முகமெல்லாம் பெருமை. தெரிந்த பிள்ளையா, பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடமாக அந்தப் பெண் கையால் சாவி வாங்குகிறேன். நான் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அக்கா விசாரித்துவிட்டாள்: லோகேஸ்வரி, அம்மா ரவாங்கில் ஃபேக்டரி வேலை, தம்பிக்குப் பரீட்சை. லோகேஸ்வரி எங்களுக்கு மாடி மாற்றிக் கொடுத்தாள். அந்த அறையிலிருந்து மலை தெரிகிறது. என் தங்க உறுப்பினர் அட்டைக்கு ஒரு நாளும் மலை கிடைத்ததில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு. ஈப்போ

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். அக்கா கீழே லோகேஸ்வரியிடம் இட்லி கொடுக்கப் போயிருக்கிறாள்.

படுக்கும் முன் நான் டீவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்தேன். கை தானாகச் செய்கிற வேலை. ஏதோ சீன நாடகம். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்றாள். ஆள் பேசுகிற சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன்.

அவள் எழுந்து என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசை, நாற்காலி, மூடின ஜன்னல்.

"இத்தன வருஷமா இப்படியா புள்ள படுத்துக் கெடந்த? நான் நீ சொகுசா இருக்கேன்னு நெனச்சேன்."

டீவியை அவளே நிறுத்தினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். கோயில் கமிட்டி சண்டை, திலீப் பார்த்திருக்கும் பெண், மீன் விற்கிற விலை. நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விளக்கைக்கூட அவள்தான் அணைத்திருக்கிறாள்.

12 அக்டோபர், ஞாயிறு

சனி ஞாயிறுக்குக் குளுவாங்கிலேயே இரு என்று ஆபீசில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே காரை எடுத்துவிட்டேன். அக்கா வீட்டில் தீபாவளிக்கு முறுக்கு சுட வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். பவனேஷ் நம்பவில்லை. முதல் ஈடு கருகியது, அதில் அக்காவுக்கு ஏக திருப்தி.

18 ஜனவரி 2026, ஞாயிறு. பத்தாங் பெர்ஜுந்தாய்

மின்னஞ்சல். போன வருடம் நான் தங்கிய இரவுகள் போதவில்லையாம். தங்க உறுப்பினர் தகுதியை எடுத்துவிட்டார்கள், இனிமேல் எல்லாரையும்போல. 'உங்களை முன்புபோல் காண முடிவதில்லையே' என்று ஒரு வரி வேறு.

உண்மைதான். நடுவில் வரும் சனி ஞாயிறெல்லாம் இப்போது இங்கே, திலீப்பின் பழைய அறையில் கழிகிறது. சிலாங்கூர் ஆலைகளுக்குப் போனாலும் இங்கே வந்துதான் படுக்கிறேன். மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்று வாரம் ஒரு சண்டை. வெளியூரில் தனியாகப் படுக்கிற ராத்திரிகள் இன்னும் இருக்கின்றன, அவை அப்படியேதான் இருக்கின்றன.

போனில் என்ன அப்படிப் படிக்கிறாய் என்று அக்கா கேட்டாள். ஹோட்டல்காரர்கள், நான் ஏன் வருவதில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"வீட்டுல இருக்கேன்னு எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டு, அக்கா வெங்காயம் உரிக்கப் போனாள்.