மஞ்சக்காரி வாய் திறக்கவில்லை

பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம். வயிற்றுப் பிள்ளை கலைந்த பிறகு, கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள், அங்கேயே தங்கிவிடுவாய் போலிருக்கிறது. இங்கே என் சமையல் ஒரு நாள் உப்பு, ஒரு நாள் கரி.

உன் சிக்லிட் மீன்களுக்கு நீ சொன்னபடி கொஞ்சமாகத்தான் தீனி போடுகிறேன். எல்லாம் பாய்ந்து பாய்ந்து தின்கின்றன. மஞ்சக்காரி மட்டும் தொடுவதில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் நிற்கிறாள். தாடை வீங்கியிருக்கிறது. மீன் கடைக்காரர் ஏதோ நோய் என்கிறார். எனக்கென்னவோ அடம் என்றுதான் தோன்றுகிறது. உன்னிடம் வளர்ந்தவள் அல்லவா! சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. எப்போது வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 8

வணக்கம்.

அவளுக்கு நோயும் இல்லை, அடமும் இல்லை. வாய்க்குள் முட்டை வைத்திருக்கிறாள். இந்த வகை மீன் முட்டையை வாயிலேயே பொத்திவைத்துக் குஞ்சாக்கும். அதுவரை ஒன்றும் தின்னாது. மருந்து ஊற்றாதீர்கள், கையை விடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும். குஞ்சுகள் வெளியே வந்தால் எழுதுங்கள். வந்து பார்க்கிறேன். முடிந்தால் இருக்கிறேன்.

அக்கா உங்களை விசாரித்தாள்.

நான்தான்


பிப்ரவரி 12

என் வாயாடி,

உன் கடிதம் வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பட்டினியாலேயே செத்துவிடுவாளோ என்று பயந்து, வலையில் பிடித்து, விரலால் வாயைத் திறந்து தீனியைத் திணிக்கப் பார்த்தேன். மணி மணியாகக் கொட்டியது. அப்போது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தொட்டியில் விட்டதும் பொறுக்க அலைந்தாள். மற்ற மீன்கள் விட்டால்தானே? இப்போது நன்றாகத் தின்கிறாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

நல்லதுக்குத்தான் செய்தேன். சீக்கிரமே மறுபடி முட்டை வைக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். நீ வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 17

வணக்கம்.

நான் சாப்பிடாமல் படுத்திருந்தபோது என் தாடையைப் பிடித்துச் சோற்றைத் திணித்தீர்கள். "அடம் பிடிக்காத, வாயத் திற. இது போனா இன்னொண்ணு பொறக்காதா?" என்றீர்கள். அதுவும் நல்லதுக்குத்தான். நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருப்பேன். உங்களை என்ன சொல்லித் திட்டுவது?

இனி வர மாட்டேன். வந்து அழைக்கவும் வேண்டாம். மீன்களைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். மஞ்சக்காரியை மட்டும் வலை போட்டுப் பிடிக்காதீர்கள். தண்ணீரோடு கிண்ணத்தில் மொண்டு எடுங்கள்.