எடைமேடையில் இருந்த வீடியோ கேம்

என் சேகர் அண்ணாவுக்கு, உன் தங்கை பாசத்தோடு எழுதுவது.

இங்கே அறுவடை நடக்கிறது. காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா இப்போது எழுந்து இரண்டு வாய் சாப்பிடுகிறாள். எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. காய்ச்சலோடு வேலையிலிருந்து நீ திரும்பி வந்த அன்று உன் பைக்குள் இருந்ததே, ஒரு பழைய கையடக்க வீடியோ கேம், அதனால் வந்தது எல்லாம்.

உன் கருமாதிக்கு முதலாளி வந்திருந்தார். அவருடைய நெல் மண்டியில், வண்டியோடு நிறுக்கும் எடைமேடையின் கம்ப்யூட்டரில் நீ உட்கார்ந்த காலமெல்லாம் நம் வீட்டு வாசலை மிதிக்காத மனிதர். அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். புறப்படும்போது, சேகர் பையில் ஒரு கேம் இருக்கும், அது மண்டிப் பொருள், கொடுத்துவிடுங்கள் என்றார். நான் தேடிப் பார்க்கிறேன் என்றேன். அடுத்து ஆள் அனுப்பினார். பிறகு மறுபடி அவரே வந்து நின்றார். மண்டியில் கிடந்த உன் டிபன் பாக்ஸைக் கொடுத்தனுப்ப நினைக்காதவருக்கு, ஒரு விளையாட்டுச் சாமான் மேல் ஏன் இத்தனை கண்?

காணவில்லை என்று சொல்லிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பஷீர் பாயிடம் போனேன். உன்னோடு படித்தவர்தானே. கேமின் அடியிலிருந்து ஒரு ஒயர் வந்தது. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்ன போர்டு, முனையில் இரண்டு பக்கமும் திருகு வைத்த பிளக். கம்ப்யூட்டரின் பின்பக்கம் சீரியல் போர்ட் என்று ஒன்று உண்டாம், எடை மெஷினையும் அதில்தான் சொருகுவார்களாம். கேமுக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சார அளவு ஒத்துப்போகாது, அதைச் சரிக்கட்டத்தான் அந்தப் போர்டு என்றார் பாய்.

கடையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதைச் சொருகினார். ஏதாவது கார் ஓடும், பொம்மை குதிக்கும் என்று பார்த்தேன். கேமின் திரை வெறுமையாக இருந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து வந்தது, அடுத்ததை அமுக்கினால் வேறோர் எழுத்து.

"இதுல ஆட்டமே இல்லம்மா. கம்ப்யூட்டருக்கு ஏதோ சிக்னல் குடுக்கத்தான் செஞ்சு வெச்சிகீது," என்றார். ஒயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

ஆட்டமே இல்லையென்றால், எடைமேடை ஜன்னலோரம் உட்கார்ந்து நாளெல்லாம் என்ன ஆடினாய் அண்ணா? டிராக்டர்காரர்கள் உன்னைக் கேலி செய்வார்கள் என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்வாயே.

அதுவரை என் சந்தேகமெல்லாம் முதலாளி மேல்தான். காவாந்தண்டலத்திலிருந்து மாமா வந்தபோதுதான் அது உன் பக்கம் திரும்பியது. இந்த முறை நெல்லை நீ வேலை பார்த்த மண்டியிலேயே போடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னவர், "சேகருதான் வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே இருந்தான். கவர்மெண்டு கொள்முதலுக்கே போங்க மாமா, இங்க எடுத்தாராதீங்கன்னுவான். இன்னாத்துக்குன்னு நானும் கேக்கல," என்றார். அந்தப் பட்டன்கள் எடையைத்தான் தொட்டிருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. சொந்த மாமாவுக்கு மட்டும் சொன்னாய். ஊருக்கு?

அம்மாவிடம் சொன்னேன். கேமைக் கிணற்றில் போட்டுவிடச் சொன்னாள். "செத்தவன எதுக்குடி நடுரோட்ல நிக்க வெக்கற?" என்று கேட்டாள். ஆனாலும் கேமைப் பையில் வைத்துக்கொண்டு, மண்டிக்குக் கிளம்பிய மாமாவின் டிராக்டரில் நெல் மூட்டைகளோடு நானும் ஏறினேன்.

உன் இடத்தில் இப்போது கலா என்று ஒரு பெண் இருக்கிறாள். வந்து சில நாள்தான் ஆகிறது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. டிராக்டர் மேடை மேல் நின்றது. எங்கள் பின்னால் வரிசையாக வண்டிகள். அவளைக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தேன். ஒரு போர்ட்டில் எடை மெஷின் ஒயர். பக்கத்தில் இன்னொன்று காலியாக இருந்தது. கேமின் ஒயரை அதில் சொருகினேன். ஒவ்வொரு பட்டனாக அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. தப்பாக நினைத்துவிட்டோம் என்று மனசு லேசானது அண்ணா, நிஜமாக. அப்புறம் வலது ஓரத்துப் பட்டனை அமுக்கினேன். வெளியே எடை காட்டும் பலகையில் எண் இறங்கியது. மறுபடி அமுக்கினேன், மறுபடி இறங்கியது. வண்டி அசையவில்லை, ஒரு மூட்டையும் இறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள், என் கையைப் பார்த்தார்கள். அதுதான் பயமாக இருந்தது.

முதலாளி ஓடி வந்தார். "எனக்கு இன்னாம்மா தெரியும்? எல்லாம் உங்கண்ணன் வேல. போய்ச் சேந்துட்டான்னு சும்மா வுட்டேன்," என்றார்.

"அப்ப இதக் கேட்டு எங்க வூட்டுக்கு எதுக்கு நடையா நடந்தீங்க?" என்றேன்.

எடை அதிகாரிகளுக்குப் புகார் போனது, எடைமேடைக்கு சீல் வைத்திருக்கிறார்கள். இப்போது நான் தெருவில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. குத்தகை நிலத்தில் பயிர் வைக்கும் ராணி அக்கா மட்டும் குழாயடியில் நேருக்கு நேராகக் கேட்டாள்.

"எங்க நெல்லுலயும் அமுக்கினானா உங்கண்ணன்?"

"தெரியலக்கா," என்றேன். அவள் குடத்தை எடுக்காமல் நின்றாள். "அமுக்கியிருப்பான்," என்றேன்.

உன்னை மிரட்டினார்களா? அந்த ஒயரைச் செய்தது யார்? இனி வேண்டாம் என்று முடிவு செய்துதான் அன்று அதைக் கழற்றிக்கொண்டு வந்தாயா, இல்லை காய்ச்சல் மயக்கத்தில் கைக்குக் கிடைத்ததைப் பையில் திணித்தாயா? முதலாவதை நம்பத்தான் ஆசை. நம்பப் போகும்போதெல்லாம் மாமா சொன்னது குறுக்கே வந்து நிற்கிறது. ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டிலேயே இருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முழுப் பழியையும் உன் தலையில் கட்டிவிட்டுக் தப்பிக்கப் பார்ப்பார் முதலாளி. அதை நடக்க விட மாட்டேன். ஆனால் உன்னைக் காப்பாற்ற நானாக ஒன்றும் ஜோடித்துச் சொல்லவும் மாட்டேன். மாமாவிடம் நீ சொன்னதையும் சொல்வேன். உனக்கு அது வலிக்கும் என்று தெரிந்தே சொல்வேன். இது சத்தியம், அண்ணா.

இன்னும் உன்னை அண்ணா என்றே கூப்பிடும்,
உன் கூடப்பிறந்த தங்கை
வசந்தி