கால்வாயில் ஊற்றாமல் திரும்பிய லாரி

அண்ணே,

இன்று காலை பூந்தமல்லி சாலையில் கழிவுநீர் லாரி ஒன்று என்னை உரசினாற்போலக் கடந்து போனது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு உங்கள் நினைவு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நாம் பழகியதே அந்த நாற்றத்தில்தானே.

சென்னீர்குப்பத்தை ஒட்டி நான் குத்தகைக்குக் கீரை போடும் அரை ஏக்கரைச் சுற்றி, உங்களை முதலில் பார்த்தபோதே மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அங்கிருப்பவர்களும் என் கீரையைத்தான் வாங்கினார்கள். அவர்கள் வீட்டுக் கழிவு லாரியேறி என் கால்வாய்க்கே வந்தது. ஒரு நாள் விடியற்காலையில், குழாயை இறக்கிய உங்கள் எதிரே கீரை அறுக்கும் கத்தியோடு வந்து நின்றேன்.

"நவுருமா, லோடு எறக்கணும்."

"இந்தத் தண்ணிலதாண்ணே கீரை வெளையுது."

"எங்க போவுது இந்தக் கீரை?"

"பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு."

பாத்திகளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "எம்பொண்ணு மாசமா கீது. அங்கருந்துதான் டெய்லி கீரை வாங்கினு போறேன்" என்றீர்கள். பிறகு குழாயைச் சுருட்டி, நிறைந்த லாரியோடு திரும்பிப் போனீர்கள்.

மற்ற லாரிகள் ஊற்றுவது நிற்கவில்லை. மனுவோடு அரசு அலுவலகங்களுக்கு அலைந்தேன். பார்த்த சாட்சி உண்டா என்று கேட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு, நான் கூப்பிடாமலே வந்தீர்கள். அதிகாரி முன்னால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "நானும் ஊத்திகினு இருந்தவன்தான் சார். எங்கெங்கன்னு காட்டறேன்" என்றீர்கள். சில வாரங்களில், கால்வாய்க்கரையில் லாரி நுழையாதபடி கான்கிரீட் தூண்கள் நட்டார்கள்.

அதன்பின் நீங்கள் ஷேர் வேன் ஓட்டினீர்கள். ஏன் மாறினீர்கள் என்று கேட்டதற்கு, "இதுல நாத்தம் இல்லமா" என்று சிரித்தீர்கள். உங்கள் சாவுக்கு வந்தபோதுதான் அண்ணி சொன்னார்: "அந்த ஆபீஸ் போய்ட்டு வந்த அன்னிக்கே ஓனர் வண்டிச் சாவிய வாங்கிகினாரு. ஒன்கிட்ட சொல்லாதன்னு இவர் என்கிட்ட சத்தியம் வாங்கினாரு." அண்ணியின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

நான் உங்களிடம் மறைத்ததும் ஒன்று உண்டு, அண்ணே. நீங்கள் சாட்சி சொன்னதற்கு முந்தைய வாரம், கழிவு பாய்ந்த பாத்தியை அறுத்துச் சந்தைக்கு அனுப்பியிருந்தேன். வேறு வழியில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீங்கள் "நானும்" என்று சொன்னபோது, பக்கத்தில் நின்ற எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. திரும்பி வந்ததும், கழிவு பாய்ந்த மிச்சப் பாத்திகளைக் கொத்திப் போட்டேன்.

இப்போது நாலாவது பக்கத்திலும் மனை பிரித்துவிட்டார்கள். நிலத்துக்காரர் இன்னும் எத்தனை நாள் விட்டுவைப்பாரோ. விடும்வரை கீரை போடுவேன். மேலே வேறெங்காவது ஊற்றி, கால்வாய்த் தண்ணீர் நிறம் மாறினால் மட்டும் அறுப்பதில்லை. அன்று வெறுங்கையோடு மார்க்கெட்டுக்குப் போய், என்னிடம் வழக்கமாக வாங்குகிறவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன். சிலர் திட்டுகிறார்கள். நேற்று ஒரு பெண் கேட்டுவிட்டு, "சரிக்கா, தண்ணி தெளிஞ்சதும் சொல்லு" என்று பையை மடித்து வைத்துக்கொண்டு போனாள். உங்களுக்குத்தான் நன்றி சொன்னேன்.