நாற்காலி ஐந்து, பாட்டு ஒன்று

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். அம்மாவைப் பற்றியும் அப்படியே எழுதக் கை வரவில்லை.

கோரஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பேத்தி கேட்டிருந்தாளே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரேக்கச் சொல். சேர்ந்து ஆடிப் பாடுகிற கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர், கூட்டம் பாடும் பாட்டுக்கு ஆனது பிற்பாடு. நாம் சேர்ந்திசை என்கிறோம். உதாரணம் இல்லாமல் நான் எதையும் விளக்கியதில்லை. இந்த முறை உதாரணம் அம்மா. ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சி அறையில் ஐந்து நாற்காலி, பக்கவாதத்தில் பேச்சுப் போன ஐந்து பேர். தனியாகக் கேட்டால் கேட்ட வார்த்தை யாருக்கும் வராது. பயிற்சி கொடுக்கிற பெண் தொடையில் தாளம் தட்டி, தண்ணி வேணும், கதவைச் சாத்து, கால் வலிக்குது என்று மெட்டுப் போட்டால் எல்லோருக்கும் முழுசாக வரும். ஆரம்பித்து வைப்பவர் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்கு மிஞ்சிய ஒரே பேச்சு, போலாம் ரைட். டாக்டர் ஊசி போட்டாலும் போலாம் ரைட்தான். அதைக் கேட்டால்தான் அம்மா வாயைத் திறப்பாள்.

போன வியாழக்கிழமை அவர் தவறிவிட்டார். நாற்காலியை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பெண் தாளம் போட்டாள், மற்ற மூவரும் பாடினார்கள், அம்மா அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றும் அப்படித்தான். இப்படியே விட்டால் பாட்டும் போயிடும் சார் என்கிறாள் அந்தப் பெண். வீட்டில் நானே பாடிப் பார்த்தேன். கல்யாணமான புதிதில், நீங்க வாயை மட்டும் அசைங்க, அது போதும் என்று என்னைக் கும்பிட்டவள், இப்போது சிரிக்கக்கூட இல்லை.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை லைன் கட்டாகிவிட்டது என்று நான் சொன்னது பொய். என் பேரை ஒரு தடவை சொல்லும்மா என்று நீ கெஞ்சினாய். அவள் முயன்றாள். உன் பேருக்குப் பதில் சாவி என்று வந்தது. மறுபடியும் சாவி. உன் காதில் விழாமல் போனைக் கையால் பொத்தி, நான்தான் வைத்தேன். அம்மா தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். உன்மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது.

இந்த ஞாயிறு எதுவும் கேட்காதே. போலாம் ரைட் என்று சொல்லிவிட்டு, தண்ணி வேணும் என்று நீயே ஆரம்பி. சின்ன வயசில் அம்மா உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மெட்டுதான். உன் குரல் அம்மாவின் குரல். இந்தப் பக்கம் சத்தமே இல்லாவிட்டாலும் நிறுத்தாதே. அழுகை வந்தால் தாளம் போடு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், அதுதான் என் ஆசி. காலை பத்து மணி, மறந்துவிடாதே. நான் அவள் பக்கத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா