மாத்திரைப் பையில் இரண்டு சீட்டுகள்

கெலமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அப்பாவுக்கு, சரிதா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உங்கள் நலம் இந்தப் பையிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை. வழக்கம்போல் அம்மாதான் ஒவ்வோர் அட்டையிலும் காலை, இரவு என்று மார்க்கரால் எழுதிக் கட்டினாள். விமான நிலையத்தில் கேட்டால் காட்ட டாக்டர் சீட்டின் நகலையும் வைத்தாள். பிரதாப் அண்ணன் செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் கொடுக்கும் பையில் இந்தக் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் வைக்கிறேன்.

போனில் நான் "ம்" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. ஊமைச்சி என்று சிரிப்பீர்கள். இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் அத்தையும் அந்தப் பக்கம் உங்கள் அறையில் ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் பேச வராது. உங்களுக்கு வருகிறது. போன மாதம் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டுதான் அம்மாவைக் கேட்டீர்கள், "நான் இங்க கெடக்கறேன், நீ யாருக்காகடி அந்த மாத்திரய முழுங்கற?" என்று.

கெம்பம்மா அத்தை உங்கள் கூடப்பிறந்தவர். அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவி, அந்த அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். கிழமை போட்ட இருபத்தெட்டு மாத்திரை. அறையில் எல்லோரிடமும் காட்டினீர்களாம். பிள்ளை உண்டாகாமல் இருக்கப் போடுவது என்று யாரோ சொன்னாராம். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவரை நம்பினீர்கள்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குத் தூரம் நின்று இரண்டு வருடமாகிறது. நடுவில் நீங்கள் நாற்பது நாள் லீவில் வந்து போனீர்கள். அப்போதும் உங்களுக்குத் தெரியவில்லை.

கம்பெனியில் அம்மா தலையுறை, மாஸ்க், முழு அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு செல்போன் பாகம் பொருத்துகிறாள். ஏசி அறைதான். அங்கே நின்றபடியே கழுத்திலிருந்து நெருப்பு ஏறும், அங்கிக்குள் வேர்வை வழியும். ஒரு ஷிப்டில் ஏழெட்டுத் தடவை. தூக்கமும் போய்விட்டது. ஓசூரில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். நானும் கூட இருந்தேன். பிரஷர் பார்த்தார், மார்பைச் சோதித்தார், ஸ்கேன் எடுத்தார். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்று எல்லாம் கேட்டார். பிறகுதான் எழுதிக் கொடுத்தார். "இந்த வயசுல ஹார்மோன் கொறஞ்சுபோகும்மா, அதத்தான் கொஞ்சம் குடுக்கறோம். வருஷா வருஷம் வந்து காட்டணும்" என்றார். ஒரு மாதத்தில் அம்மா விடியும்வரை தூங்கினாள்.

உங்கள் போன் வந்த அன்று, அத்தையின் கண் முன்னாலேயே அட்டையைச் சாக்கடையில் போட்டாள். நெருப்பு திரும்பி வந்துவிட்டது. போன வாரம் வேலை நடுவில் தலையுறையைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். இன்னொரு தடவை அப்படிச் செய்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று லைன் லீடர் சொல்லியிருக்கிறார். "தப்புப் பண்ணவளுக்குத்தான் இப்படி வேக்கும்" என்கிறார் அத்தை. அதையும் உங்களுக்குச் சொல்லியிருப்பார். நீங்கள் நம்பியும் இருப்பீர்கள்.

வேர்த்துக்கொண்டேதான் உங்கள் அட்டைகளில் எழுதினாள். இரண்டு மூன்று இடத்தில் மை கலைந்திருக்கும், பாருங்கள். நீங்கள் யாருக்காக இதை விழுங்குகிறீர்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

டாக்டரிடம் கேட்டுப் புது அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லாமல் தொடமாட்டேன் என்கிறாள். அவளுக்கு உங்கள்மேல் இன்னும் அவ்வளவு மரியாதை. எனக்கு இல்லை.

பையில் இரண்டு சீட்டு இருக்கும். ஒன்று உங்களுடையது. மற்றது அம்மாவுடையது. போட்டோவைக் காட்டிய அதே ஆறு பேரிடம் அதையும் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. அன்று கூப்பிடுங்கள். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே ஸ்பீக்கரில் போடுகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உங்களுக்கு அது வராது. "போட்டுக்க" என்று ஒரு வார்த்தை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னால் போதும்.

காலை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமாம். நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்று அம்மா அட்டையைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊமைச்சி
சரிதா